நடிகையின் கார் பிழைத்தது, மற்றவை?

ஜப்பானில் கஸுயே இட்டோ என்று ஒரு நடிகை. டெலிவிஷன் நாடகங்களில் பெயர் பெற்றவர். 1990ல் அவர் நிஸ்ஸான் கம்பெனியின் ‘சீமா’ என்ற சொகுசுக் காரை வாங்கினார். முப்பது ஆண்டுகள் ஆகியும் அவர் அதை விற்கவில்லை. வேறு கார் மாற்றவில்லை. அந்த ஒரே காரில் 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டார். இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிக் கம்பெனியின் காதுக்கும் எட்டியது. 2021ல் நிஸ்ஸான் கம்பெனியே முன்வந்து காரை எடுத்துச் சென்றது. முழுக்கக் கழற்றி, துருவைச் சுரண்டி, தேய்ந்ததை மாற்றி, புதிதாக வர்ணம் பூசியது. சுமார் எட்டு மாதம் வேலை நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டோக்கியோவின் கின்சா பகுதியிலுள்ள தனது காட்சிக் கூடத்தில் வைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தது.

நல்ல காரியம். பாராட்டத்தான் வேண்டும். ஒரு பொருளை முப்பது ஆண்டு பேணியவரைப் பொருளைச் செய்தவர்களே கௌரவிப்பது தினமும் நடக்கிற காரியமல்ல. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ஜப்பானியர்களில் பழைய சீமா வைத்திருந்த மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ‘நம் காருக்கு இது நடக்குமா?’ என்றுதானே நினைத்திருப்பார்கள்? எல்லோரும் நடிகையாக இருக்க முடியாது. எல்லோருடைய காரும் செய்தியாகவும் முடியாது.

சொகுசுக் கார் பற்றிய பேச்சு குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சொகுசுக் கார் புதிதாக இருக்கும்போதுதான் முதலாளியின் கார். இருபது ஆண்டு கழிந்த பிறகு அதன் விலை சாதாரணக் காரின் விலைக்கும் கீழே போய்விடும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அப்போது அதை வாங்குகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள், படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் இளைஞர்கள். முதலாளி அனுபவித்த சொகுசை இவர்கள் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். அதோடு முதலாளி செலவழிக்காமல் விட்ட ரிப்பேர் பில்லும் சேர்ந்து வருகிறது!

அந்தக் காலத்து ஜப்பான்

1980களின் கடைசியில் ஜப்பானில் பணம் புரண்டது. 1988 ஜனவரியில் வெளிவந்த சீமாவின் உயர்ந்த வகை சுமார் 50 லட்சம் யென். அப்படியும் ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். அந்த மோகத்துக்கே ‘சீமா நிகழ்வு’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மூன்று லிட்டர் டர்போ என்ஜின். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கை உயர்த்திக்கொண்டு பாயும். ‘சீமா’ என்றால் ஸ்பானிஷ் மொழியில் சிகரம் என்று பொருள்.

அதற்கு அடுத்த ஆண்டு டொயோட்டா வந்தது. 1983லேயே அந்தக் கம்பெனியின் தலைவர் எய்ஜி டொயோடா ரகசியக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, உலகத்தின் மிகச் சிறந்த காருக்குச் சவால் விடும் காரைச் செய்ய முடியுமா என்று கேட்டார். இச்சிரோ சுஸுகி என்ற தலைமை என்ஜினீயரின் கீழ் 1,400 என்ஜினீயர்களும் 2,300 டெக்னீஷியன்களும் வேலை செய்தார்கள். சோதனைக்காகவே சுமார் 450 கார்கள் கட்டப்பட்டன. செலவு நூறு கோடி டாலருக்கு மேல். அப்படிப் பிறந்ததுதான் லெக்சஸ் எல்.எஸ். 400. அமெரிக்காவில் 1989 செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. விலை 35,000 டாலர். ஜப்பானில் அதே காரை ‘செல்சியர்’ என்ற பெயரில் விற்றார்கள்.

கார் வந்த மூன்றே மாதத்தில் ஒரு சோதனை. பின்பக்க பிரேக் விளக்கு சூடாவதாக ஒரு புகாரும், ஒயரிங் பற்றி ஒரு புகாரும் வந்தன. வந்தவை சொற்பமே. எனினும் அதுவரை விற்ற 8,000 கார்களையும் திரும்ப அழைத்துச் சரி செய்ய டொயோட்டா முடிவு செய்தது. வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுத்து வந்து, சரி செய்து, கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 20 நாட்களில் வேலை முடிந்துவிட்டது. வாடிக்கையாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இன்றும் வியாபாரப் பள்ளிகளில் இதை உதாரணமாகச் சொல்கிறார்கள். உதாரணம் சரிதான். ஆனால் அது மூன்று மாதக் காருக்கு நடந்த உபசாரம். முப்பது வருடக் காருக்கு என்ன உபசாரம் என்பதுதான் இங்கே கேள்வி.

எது சாகிறது, எது சாகவில்லை

இந்தக் கார்களில் முதலில் கெட்டுப்போவது என்ஜினாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. எல்.எஸ். 400ன் நான்கு லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின் சாகாவரம் வாங்கி வந்ததோ என்று சொல்லும்படி உழைக்கிறது. அமெரிக்காவில் மோட்டார் பத்திரிகையாளர் ஒருவர் 1996 மாடல் கார் ஒன்றை 2014ல் வாங்கினார். அப்போதே அது ஏறக்குறைய 9 லட்சம் மைல் ஓடியிருந்தது. 2017ல் அது 10 லட்சம் மைலைத் தொட்டது. அதாவது 16 லட்சம் கிலோ மீட்டர். ஆயிலைக் காலத்தில் மாற்றி, சுமார் 1 லட்சம் கிலோ மீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டையும் அதோடு தண்ணீர் பம்பையும் மாற்றிவிட்டால் போதும். என்ஜின் தன் பாட்டுக்கு ஓடும்.

ஆனால் அந்த என்ஜினைச் சுற்றியுள்ள சமாசாரங்கள் அப்படியல்ல. பவர் ஸ்டீயரிங் பம்ப் கசியும். கசிந்த எண்ணெய் நேராகக் கீழேயுள்ள ஆல்ட்டர்னேட்டரில் சொட்டி அதையும் கெடுக்கும். விஷயம் தெரியாதவர் ஆல்ட்டர்னேட்டரை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடியும் அதே பணத்தைச் செலவழிப்பார். தெரிந்தவர் முதலில் பம்பின் சீலை மாற்றுவார். செல்ஃப் மோட்டாரை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘வி’ வடிவ என்ஜினின் நடுப் பள்ளத்தில், காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில்! அதைத் தொட வேண்டுமானால் மேலே உள்ளதை எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. வெளியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது உள்ளே உள்ள இரண்டு செப்புத் துண்டுகள் மட்டுமே. அவற்றின் விலை சொற்பம். ஆனால் அந்தத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பட்டறையில் முழு மோட்டாருக்கும் பில் போட்டுவிடுவார்கள்.

இவையெல்லாம் இயந்திரக் கோளாறு. இரும்பும் ரப்பரும் உள்ளவரை இதற்கு வைத்தியம் உண்டு. உதிரி பாகங்களில் பல இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. உண்மையான வியாதி வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் புதுமைக்காக அந்தக் காலத்தில் ஜனங்கள் வாயைப் பிளந்தார்களோ, அந்தப் புதுமைதான் முதலில் கண்ணை மூடுகிறது.

சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக மேலே ஒதுங்கி வழி விடும். சீட்டு தன் எஜமானரின் உயரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் முள் தானே ஒளி வீசும். இதற்கெல்லாம் காருக்குள் பல இடங்களில் சிறு சிறு கம்ப்யூட்டர்கள். முப்பது ஆண்டு ஆனதும் முள்ளின் ஒளி அணைகிறது. இரவில் எவ்வளவு வேகம் என்று தெரியாது. ஏர் கண்டிஷனர் எண்கள் கறுத்துப் போகின்றன. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரே தடுமாறத் தொடங்குகிறது. என்ஜின் திடகாத்திரமாக இருக்கும். ஆனால் அதற்கு உத்தரவு கொடுக்க ஆளில்லை.

காரணம் மிகச் சிறியது. அந்தக் கம்ப்யூட்டர் போர்டுகளில் விரல் நுனி அளவுக்குச் சின்ன டப்பா போன்ற கண்டென்சர்கள் இருக்கின்றன. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்களுக்கு இது பழக்கமான பொருள். உள்ளே திரவம் அடைத்திருக்கும். காலம் செல்லச் செல்ல, என்ஜின் சூட்டிலும் வெயிலிலும் அடிப்பக்கம் பிளந்து திரவம் கசிகிறது. போர்டின் மீதுள்ள மெல்லிய செப்புக் கோடுகளை அது அரித்துத் தின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் சில சமயம் மீன் வாடை அடிக்கும். அந்த வாடையை வைத்தே நோயைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. பழைய டொயோட்டா, நிஸ்ஸான், மிட்சுபிஷி எல்லாவற்றிலும் இதே கதை.

வைத்தியம் என்ன? கண்டென்சர் ஒன்றின் விலை டீ, வடை விலையைத் தாண்டாது. பழையதைச் சால்டரிங் கம்பியால் பக்குவமாகக் கழற்றி, கசிந்ததைச் சுத்தம் செய்து, அறுந்த கோட்டுக்கு மயிரிழை ஒயரை இழுத்து, புதியதை வைத்துப் பற்ற வேண்டும். பொறுமையும் கை நிதானமும் உள்ள ரேடியோ மெக்கானிக் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடித்துவிடலாம். ஆனால் கம்பெனியின் சர்வீஸ் நிலையங்களில் பொதுவாக இந்த வேலை நடப்பதில்லை. அங்கே உள்ள வழி ஒன்றுதான்: முழுப் பெட்டியையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பெட்டியைப் போடுவது. புதுப் பெட்டி தயாரிப்பில் இல்லை என்றால்? கையை விரித்துவிடுவார்கள். சில ரூபாய்ச் சாமானுக்காக நூறு கோடி டாலர் மூளை போட்டுச் செய்த கார் இரும்புக் கடைக்குப் போகிறது.

இன்னொரு காரைச் சொன்னால் இது மேலும் விளங்கும். 1991ல் டொயோட்டா ‘சோவாரர்’ காரில் ஒரு வகை வந்தது. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. நான்கு சக்கரங்களையும் எண்ணெய் அழுத்தம் தாங்கும். கம்ப்யூட்டர் கணத்துக்குக் கணம் அதைக் கூட்டிக் குறைக்கும். வளைவில் திரும்பினாலும் கார் சாயாது. பின் சக்கரங்களும் சேர்ந்து திரும்பும். மொத்தத்தில் ஆயிரம் கார்கூடச் செய்யவில்லை. இன்று அந்த எண்ணெய்க் கால்கள் கசிந்தால் மாற்றுக் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே பலர் அதைப் பிடுங்கிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு ஓட்டுகிறார்கள். ஓடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் எந்த விசேஷத்துக்காக அந்தக் கார் பிறந்ததோ, அது போய்விட்டது. புதுப்பித்தல் என்று இதைச் சொல்ல முடியுமா? முடியாது. அதற்காக அப்படிச் செய்கிறவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. கசிகிற காலை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்?

கம்பெனிகளின் பாரபட்சம்

ஜப்பான் கம்பெனிகள் பழைய கார்களை அடியோடு கைவிட்டுவிட்டன என்று சொன்னால் அது பொய்யாகும். ஹோண்டா தனது என்.எஸ்.எக்ஸ். காரைப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையை 1993லேயே தொடங்கியது. நிஸ்ஸான் 2017 முதல் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காருக்கு நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரிக்கிறது. மாஸ்டா தனது பழைய ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தர ஆரம்பித்தது. டொயோட்டா 2020ல் 2000ஜி.டி., சுப்ரா கார்களுக்கும், பிறகு லேண்ட் குரூஸர் ஜீப்புக்கும் பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது.

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் எல்லாமே பந்தயத்தில் பெயர் வாங்கியவை, அல்லது காடு மலை ஏறும் ஜீப். அவற்றுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. ஏலத்தில் கொள்ளை விலை போகின்றன. 2000ஜி.டி. மொத்தமே சுமார் 350 கார்தான் செய்தார்கள். அதற்குக் கியர் பாகங்கள் புதிதாக வார்க்கிறார்கள். முதல் தலைமுறை எல்.எஸ். 400 அமெரிக்காவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் கம்ப்யூட்டர் போர்டைக் கவனிப்பார் இல்லை. சத்தம் போடாமல், பந்தயம் ஓடாமல், குடும்பத்தைச் சுமந்துகொண்டு ஒழுங்காக ஓடிய கார் என்பதால்தானா இந்த அலட்சியம்? ஆபீசிலும் இப்படித்தான், தகராறு செய்யாமல் வேலை பார்க்கிறவனுடைய பைல் அடியில் கிடக்கும்.

அரசாங்கமும் தன் பங்குக்கு இடைஞ்சல் செய்கிறது. ஜப்பானில் பெட்ரோல் கார் 13 ஆண்டைத் தாண்டினால் வருடாந்தர வரி சுமார் 15 சதவீதம் ஏறும். எடை வரி 13 ஆண்டில் ஒருமுறையும் 18 ஆண்டில் மறுமுறையும் உயரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை வேறு. நன்றாக வைத்திருந்த காருக்கும் இதுதான், குப்பையாக வைத்திருந்த காருக்கும் இதுதான். பேணியதற்குப் பரிசு இல்லாவிட்டாலும் போகட்டும். அபராதமாவது இல்லாமல் இருக்கலாமே!

எதிர்வாதம் உண்டு. பழைய கார் அதிகப் பெட்ரோல் குடிக்கும், அதிகப் புகை விடும், விபத்தில் இன்றைய காரைப் போலப் பாதுகாப்பு தராது என்கிறார்கள். இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. புகை கக்கும் வண்டியைப் பழமையின் பெயரால் தெருவில் விடச் சொல்வது சரியல்ல. ஆனால் புகையை அளக்கக் கருவி இருக்கிறது. அளந்து பார்த்துத் தேறாததை நிறுத்தட்டும், தேறியதை விடட்டும். வயதை மட்டும் பார்த்து வரி போடுவது எந்த விதத்தில் நியாயம்? புதுக் கார் ஒன்றைச் செய்யவும் இரும்பும் அலுமினியமும் மின்சாரமும் செலவாகத்தான் செய்கின்றன. அந்தக் கணக்கை யாரும் வரிப் புத்தகத்தில் எழுதுவதில்லை.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒவ்வொரு பாகத்தையும் கம்பெனி கிடங்கில் அடுக்கி வைத்திருக்க முடியுமா என்பது இன்னொரு வாதம். இது நியாயமான வாதம். எந்தக் கம்பெனியாலும் அது முடியாது. அப்படியானால் செய்யக் கூடிய ஒன்றைக் கேட்கலாம். பாகம் செய்வதை நிறுத்துகிற அன்று, அந்தப் பாகத்தின் வரைபடத்தையும், போர்டின் மின்சுற்றுப் படத்தையும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராமையும் வெளியே கொடுத்துவிடட்டும். ‘எங்களால் இனிச் செய்ய முடியாது, முடிந்தவர் செய்து கொள்ளுங்கள்’ என்று சொல்லட்டும். விற்காத பொருளின் ரகசியத்தைப் பூட்டி வைப்பதால் யாருக்கு லாபம்?

வரைபடம் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குத் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப் சாட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலை ஏறும் பல்சக்கர நீராவி என்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த கம்பெனி. நீராவி என்ஜின் காலமே முடிந்து போயிற்று. புதிய என்ஜினும் உதிரி பாகமும் அங்கிருந்து வர வழியில்லை. பொன்மலைத் தொழிலாளர்கள் பழையதை ரிப்பேர் செய்ததோடு நிற்கவில்லை. அதே மாதிரியில் புது என்ஜின்களையே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடத்து நீராவி என்ஜினுக்கு முடிந்தது, முப்பது வருடத்துக் காருக்கு முடியாமல் போவானேன்? இரும்பை அளந்து படம் போடலாம். கம்ப்யூட்டருக்குள் எழுதியிருப்பதை எந்தக் கருவியால் அளப்பது? அதனால்தான் செய்தவன் சொல்லியாக வேண்டும் என்கிறோம்.

அதுவரை பழைய செல்சியர், பழைய லெக்சஸ் வைத்திருக்கிறவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விபத்தில் அடிபட்ட அதே மாடல் கார் ஒன்றை மலிவாக வாங்கிக் கொல்லையில் போட்டுவிடுகிறார்கள். தேவைப்படும்போது அதிலிருந்து கழற்றிக் கொள்கிறார்கள். ஒரு கார் பிழைக்க இன்னொரு கார் பலி. கண்ணாடி, கைப்பிடி, சீட்டுத் தோல் போன்றவற்றுக்கு இது சரி. கம்ப்யூட்டருக்குச் சரிவராது, அந்தக் கார் போர்டிலும் அதே வயதான கண்டென்சர்தான் கசிந்து கொண்டிருக்கும். ஆகவே சால்டரிங் கம்பி பிடிக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் கடைசியில் போகிறார்கள். அமெரிக்காவில் பழைய போர்டுகளைத் தபாலில் வாங்கிச் சரி செய்து திருப்பி அனுப்புவதையே தொழிலாக நடத்துகிறார்கள். மாற்றிப் போடுகிறவர்கள் நிறைந்த உலகத்தில் ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு மவுசு திரும்பியிருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். முப்பது வருடத்து லெக்சஸை இங்கே இறக்குமதி செய்ய முடியாது; மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரைச் சட்டம் அனுமதிப்பதில்லை. லெக்சஸ் கம்பெனியே 2017ல்தான் இங்கு கடை திறந்தது. ஆனால் அந்தக் காரின் வியாதி வந்து சேர்ந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, ஆபீசுக்குப் போகிற சாதாரண மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கார்புரேட்டர் அடைத்தால் தெருமுனைப் பட்டறையில் ஊதி மாட்டிக் கொடுப்பார்கள். போர்டு போனால் முழுப் பெட்டிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே, கார் ரிப்பேருக்கான தகவலைக் கம்பெனிகள் வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஜனங்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் ரிப்பேர் உரிமை பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அது எடுத்துக்கொண்ட இனங்களில் மோட்டார் வாகனமும் ஒன்று.

உதிரி பாகமும் சர்வீஸ் புத்தகமும் கிடைக்கச் செய்தால் மட்டும் போதாது. விற்பனை நின்ற பிறகு மின்சுற்றுப் படமும் புரோகிராமும் வெளியே வர வேண்டும் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும். 2020ல் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு 2035ல் பதினைந்து வயதாகிவிடும். அந்தப் படம் யாரிடம் இருக்கும் என்பதைக் கம்பெனிகளிடம் இப்போதே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.